நொய்யல் சீரமைப்புக்குப் பணம் ஒதுக்கப் போகிறீர்களா? திட்டங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் (சட்டப்படி சமூகப் பணிக்கு ஒதுக்கும்) பணத்தோடு குடியிருப்போர் சங்கங்கள் திரட்டிய நன்கொடையும் சேர்ந்த நிதி அது. நொய்யல் ஆற்றைச் சீரமைக்கும் வேலைகளுக்கு அதிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் இருக்கிறேன். விண்ணப்பங்கள் வந்து குவிந்தபோது எதை எதோடு ஒப்பிடுவது என்றே எங்களில் யாருக்கும் பிடிபடவில்லை. ஒருவர் மரம் நடக் கேட்பார், ஒருவர் தூர் வாரக் கேட்பார், இன்னொருவர் நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றக் கேட்பார். எல்லாரும் ஆற்றைக் காப்பாற்றத்தான் கேட்கிறார்கள். எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் கிடைக்கும், எதை அளந்து பார்க்க வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லாமல் நிறைய அலைந்தோம். அடுத்து வருகிறவர்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்கள் ஊர் ஆறு வேறாக இருந்தாலும் பெரும்பாலான படிகள் பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. விண்ணப்பங்களை வரவழைப்பதற்கு முன்பே 1 முதல் 4 வரையுள்ள படிகளை முடித்துவிடுங்கள். விண்ணப்பம் வந்த பிறகு ஆற்றைப் பார்க்கப் போனால், விண்ணப்பதாரர் காட்டுகிற இடத்தை மட்டும்தான் பார்ப்பீர்கள்.

1. ஆற்றின் எந்தப் பகுதி என்று முடிவு செய்யுங்கள்

நொய்யல் வெள்ளிங்கிரி மலையில் தொடங்கி கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக ஓடி, நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் சேர்கிறது. இந்த நீளம் முழுக்க ஒரே நோய் இல்லை. சித்திரைச்சாவடி அணைக்கட்டு பக்கம் தண்ணீர் ஓரளவு நன்றாகவே இருக்கும். அங்கே ஆக்கிரமிப்பும் வாய்க்கால் அடைப்பும்தான் தொல்லை. கோவை நகருக்குள் வந்துவிட்டால் வீட்டுச் சாக்கடையும் குப்பையும். திருப்பூரில் அவற்றோடு சாயத் தொழிலின் உப்பு சேர்கிறது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கும் விவசாயிகளின் கவலை, மண்ணிலும் கிணற்றிலும் ஏறிப்போன உப்பு.

உங்களிடம் இருப்பது 20 லட்சமோ 50 லட்சமோ என்றால் ஆறு முழுக்கத் தெளிக்காதீர்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர், அல்லது ஒரே ஒரு ஓடை அல்லது குளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் சங்கனூர் பள்ளம், திருப்பூரில் ஜம்மனை ஓடை, நல்லாறு போன்ற கிளைகள் வழியாகத்தான் ஊர்க் கழிவு ஆற்றுக்கு வருகிறது. ஒரு கிளையைக் கையில் எடுத்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும், அளக்கவும் முடியும்.

2. கழிவு எந்த வாய் வழியாக வருகிறது என்று அளந்து பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். செலவு அதிகம் ஆகாது.

தேர்ந்தெடுத்த பகுதியின் இரு கரையிலும் நடந்து, ஆற்றில் விழும் ஒவ்வொரு குழாயையும் சாக்கடை வாயையும் கைப்பேசியில் இடக்குறியோடு படம் எடுத்து எண் போடுங்கள். ஒரு முறை நடந்தால் போதாது. வீட்டுக் கழிவு காலை 7 மணி முதல் 9 மணி வரை பெருகி வரும். தொழிற்சாலைக் கழிவோ கழிவுநீர் லாரியோ வருவதாக இருந்தால் இரவில்தான் வரும். பகலில் காய்ந்து கிடக்கிற குழாயின் வாய்க்குக் கீழே கல்லில் கறுப்புப் படலமோ சாய நிறமோ படிந்திருந்தால் அதையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் கேட்டால் எந்த நேரத்தில் வருகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் ஒவ்வொரு வாயிலும் எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். பொறியாளர் வேண்டியதில்லை. சாக்கடை ஓரளவு நேராக ஓடும் இடத்தில் 10 மீட்டர் அளந்து குறித்துக்கொண்டு, ஒரு தேங்காய் மட்டைத் துண்டை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். அகலம் 1 மீட்டர், ஆழம் 25 சென்டிமீட்டர், 10 மீட்டரைக் கடக்க 100 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்பு வேகம் நொடிக்கு 0.1 மீட்டர். அடியில் தண்ணீர் மெதுவாகப் போகும் என்பதால் 0.8 ஆல் பெருக்க வேண்டும். 1 × 0.25 × 0.1 × 0.8 என்றால் 0.02 கன மீட்டர், அதாவது நொடிக்கு 20 லிட்டர்.

அடுத்தது தண்ணீர்ப் பரிசோதனை. என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் மட்டும் கொடுங்கள். பிஓடி, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு, பார்க்க வேண்டும் என்றால் மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெயிலில் வண்டியில் கிடந்த பாட்டிலின் முடிவை நம்ப முடியாது. கேட்க வேண்டியவை பிஓடி, கரைந்த ஆக்சிஜன், பிஎச் (அமில, காரத் தன்மை), டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு), மலக் கோலிபார்ம் (மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமி). சாயத் தொழில் இருக்கும் பகுதி என்றால் குளோரைடும் சோடியமும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிடிஎஸ் மட்டும் பார்க்கக் கையடக்க மீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் ஆய்வகம் போக வேண்டாம்.

சரி, எண்கள் வந்துவிட்டன. இனி பெருக்கல்தான். நொடிக்கு 20 லிட்டர் ஓடும் வாயில் பிஓடி லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 173 கிலோ. இன்னொரு வாயில் 5 லிட்டர்தான், ஆனால் பிஓடி 200 என்றால் சுமார் 86 கிலோ. பார்ப்பதற்கு இரண்டாவது வாய் கறுப்பாக நாறும், எல்லாரும் அதைத்தான் கை காட்டுவார்கள். ஆற்றுக்கு இரு மடங்கு சுமை தருவது முதல் வாய். இந்தக் கணக்கை ஒரே தாளில் போட்டுக் குழுவின் முன் வைத்தால் பாதி வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகோல்கள். குளிக்கத் தகுந்த ஆறு என்றால் பிஓடி லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5க்குக் கீழே இறங்கக் கூடாது, பிஎச் 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. பிஓடி 30ஐத் தாண்டினால் முதல் வகை, 3க்கும் 6க்கும் இடையில் இருந்தால் ஐந்தாம் வகை. உங்கள் பகுதி எந்த வகையில் விழுகிறது என்று தெரிந்தால், விண்ணப்பத்தில் 'ஆறு தெளிந்துவிடும்' என்று எழுதியிருப்பதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

மாதிரி எடுக்க நல்ல காலம் மார்ச், ஏப்ரல். தென்மேற்குப் பருவமழை பெய்து ஆற்றில் தண்ணீர் புரளும்போது எடுத்தால் எல்லா எண்ணும் அழகாக வரும். வேலை முடிந்த பிறகு மழைக்காலத்தில் மாதிரி எடுத்து, முன்பு கோடையில் எடுத்ததோடு ஒப்பிட்டு 'மாசு குறைந்துவிட்டது' என்று காட்டும் அறிக்கைகள் வரும். தேதியை முதலில் பாருங்கள்.

3. அந்த இடம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று காகிதத்தில் உறுதி செய்யுங்கள்

ஆற்றங்கரை எல்லாருக்கும் பொதுதானே என்று நினைக்காதீர்கள். சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, அ-பதிவேடு (நிலத்தின் வகையும் உரிமையாளரும் எழுதிய கிராமப் பதிவேடு) விவரத்தையும் புலப்படத்தையும் (நில எல்லை வரைபடம்) தமிழ்நாடு அரசின் இணையவழி நிலப்பதிவுச் சேவையில் பாருங்கள். இலவசம்தான். நீர்நிலைப் புறம்போக்கு என்று இருக்கிறதா, யாருக்காவது பட்டா இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். புலப்பட எல்லையும் தரையில் இருக்கும் வேலியும் பல இடத்தில் பொருந்தாது. பொருந்தாவிட்டால் நில அளவையர் வந்து கல் நடும் வரை அந்தத் திட்டத்தைத் தனியே எடுத்து வையுங்கள்.

ஆறும் அணைக்கட்டும் ராஜவாய்க்காலும் நீர்வளத் துறையின் கீழ் வரும். ஏரி, குளம் என்றால் பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ளவை நீர்வளத் துறைக்கும், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் உரியவை. கோவை நகருக்குள் சில குளங்கள் மாநகராட்சியின் பராமரிப்பில் இருக்கின்றன. யாரிடம் அனுமதிக் கடிதம் வாங்குவது என்பது இதைப் பொறுத்தது. நீர்வளத் துறை என்றால் செயற்பொறியாளருக்கு மனு, நகல் மாவட்ட ஆட்சியருக்கு. மனுவோடு சர்வே எண், புலப்பட நகல், என்ன வேலை, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, யார் செலவு, வேலை முடிந்த பின் யார் பராமரிப்பு என்ற விவரங்களை இணையுங்கள்.

இந்த அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'கலெக்டரிடம் வாய்மொழியாகப் பேசிவிட்டோம்' என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தால் அது அனுமதி இல்லை. அதிகாரி மாறிவிட்டால் வேலை நடுவில் நிற்கும், பொக்லைன் வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

4. அரசு அங்கே ஏற்கெனவே என்ன செய்கிறது என்று கேளுங்கள்

காவிரியையும் அதன் கிளை ஆறுகளையும் சீரமைக்கும் நடந்தாய் வாழி காவேரி திட்டத்தில் நொய்யலும் இருக்கிறது. மாநகராட்சிகளின் பாதாளச் சாக்கடைப் பணிகளும் நடக்கின்றன. நீங்கள் பணம் கொடுக்கப் போகும் அதே சாக்கடை வாய்க்கு அரசு மதிப்பீடு தயாராகி இருக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கேள்விகளைக் குறிப்பாகக் கேளுங்கள். இந்த சர்வே எண்ணில், இந்த ஓடையில், கடந்த மூன்று ஆண்டுகளில் நடந்த பணி என்ன, அனுமதிக்கப்பட்டிருக்கும் பணி என்ன, மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு, தற்போதைய நிலை என்ன. 'நொய்யலைச் சுத்தம் செய்ய என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

அரசு வேலை வருகிறது என்று தெரிந்தால் ஒதுங்கிவிட வேண்டும் என்பதில்லை. அது செய்யாததை நீங்கள் செய்யலாம். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட அரசு மீதியைப் போடும் வழியும் இருக்கிறது. சிறிய நிதிக்கு அது நல்ல வழி.

5. விண்ணப்பங்களை வடிகட்டுங்கள்

மதிப்பெண் போடுவதற்கு முன்னால் நான்கு கேள்விகள். ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் அந்த விண்ணப்பம் அந்த ஆண்டுக்கு வேண்டாம்.

இந்த வேலை கழிவு நுழைவதைக் குறைக்கிறதா, அல்லது நுழைவது ஏற்கெனவே நின்றுவிட்ட இடத்தில் நடக்கிறதா? எழுத்தில் அனுமதி இருக்கிறதா, அல்லது எப்போது வரும் என்று ஆதாரத்தோடு சொல்ல முடியுமா? வேலை முடிந்த மூன்றாம் ஆண்டில் மின்கட்டணமும் ஆள் கூலியும் யார் தருகிறார்கள் என்று பெயரோடு எழுதியிருக்கிறதா? சட்டப்படி வேறொருவர் செய்ய வேண்டியதாக இல்லாத வேலைக்குத்தான் நம் பணத்தைக் கேட்கிறார்களா?

நான்காவது கேள்வியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்பது நீதிமன்றம் வரை போய் உறுதியான விதி. அதை நிறைவேற்றாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. ஆகவே ஒரு பட்டறையின் சுத்திகரிப்பு வசதிக்கு நன்கொடைப் பணம் போகக் கூடாது. நிறுவனங்களும் தங்கள் சட்டக் கடமையை நிறைவேற்றும் செலவை சிஎஸ்ஆர் கணக்கில் காட்ட முடியாது, விதியே தடுக்கிறது. கழிவு விடுகிறவர் யார் என்று தெரிந்தால் அங்கே தேவைப்படுவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆதாரத்தோடு ஒரு புகார். அதற்கு நிதி வேண்டாம்.

இனி அடிக்கடி வரும் திட்ட வகைகள் பற்றி என் கருத்து.

ஆகாயத் தாமரை அகற்றுவது. படத்தில் மிக அழகாக இருக்கும். முதல் நாள் பச்சைப் போர்வை, பத்தாம் நாள் வெள்ளித் தண்ணீர். சாதகமான சூழலில் இந்தச் செடி இரண்டு வாரத்தில் தன் பரப்பை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். சாக்கடையில் வரும் சத்துதான் அதற்கு உணவு. சாக்கடையை நிறுத்தாமல் அகற்றுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டிருப்பதுதான். சாக்கடையைத் திருப்பிவிட்ட குளத்தில் அகற்றக் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்.

தூர் வாருவது. எங்களுக்கு வந்ததில் அதிகம் இதுதான். தண்ணீர் கொள்ளளவு கூட்ட நல்ல வேலை. தண்ணீரின் தரத்தை மாற்றாது. இதில் யாரும் பேசாத ஒரு விஷயம் எடுத்த மண் எங்கே போகிறது என்பது. சாயக் கழிவோ முலாம் பூசும் பட்டறைக் கழிவோ தேங்கிய இடத்து வண்டலில் உலோகங்கள் படிந்திருக்கலாம். குரோமியம், ஈயம், துத்தநாகம், தாமிரம் ஆகியவற்றுக்கு மண் பரிசோதனை செய்யாமல் அதை விவசாயிக்கு உரம் என்று கொடுப்பது பெரிய பாவம். விண்ணப்பத்தில் மண் பரிசோதனை இல்லையென்றால் அதைச் சேர்க்கச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

சாக்கடையை இடைமறித்துத் திருப்புவது. கழிவு ஆற்றில் விழும் இடத்துக்கு முன்பே ஒரு சிறு தடுப்பு கட்டி, மழையில்லாத நாள் ஓட்டத்தைப் பாதாளச் சாக்கடைக்கோ நீரேற்று நிலையத்துக்கோ கொண்டுபோவது. ஒரு ரூபாய்க்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் மாநகராட்சிப் பொறியாளர், இந்த அளவு கூடுதல் கழிவைத் தங்கள் நீரேற்று நிலையம் தாங்கும் என்று கடிதம் தர வேண்டும். 2ஆம் படியில் நீங்கள் எடுத்த லிட்டர் கணக்கு இங்கே கை கொடுக்கும்.

சிறு சுத்திகரிப்பு நிலையம். ஒரு குடியிருப்புப் பகுதிக்கு வேறொரு நிதியில் கட்டிய நிலையத்தைப் பார்க்கப் போயிருந்தோம். பூட்டிய இரும்புக் கதவு. காற்றூதியின் பெல்ட் அறுந்து தொங்கியது. மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கியிருந்தார்கள். தொட்டி ததும்பி, கறுப்புத் தண்ணீர் பக்கத்துச் சுவரின் அடியில் வழிந்து பழைய இடத்திலேயே ஓடையில் சேர்ந்துகொண்டிருந்தது. வாசலில் திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. கட்டும் செலவைக் கேட்கிறவரிடம் ஐந்து ஆண்டு ஓட்டும் செலவைக் கேளுங்கள். மின்சாரம், ஆள், உதிரி பாகம், சேறு அகற்றுவது என்று தனித்தனியாக. தர முடியாதவருக்குக் கொடுக்காதீர்கள்.

கல்வாழை, நாணல் வைத்த வேர்மண்டலப் படுகை, அதாவது கழிவைச் செடிகளின் வேர் வழியாக ஓடவிட்டுச் சுத்தம் செய்வது. மின்சாரம் குறைவு, வீட்டுக் கழிவுக்கு நல்லது, இடம் நிறைய வேண்டும். சாயக் கழிவின் உப்பை இது எடுக்காது. கரைந்த உப்பை எடுக்க எதிர்ச் சவ்வூடுபரவலும் (ஆர்ஓ) ஆவியாக்கியும் வேண்டும். வேர்மண்டலப் படுகையால் டிடிஎஸ் குறையும் என்று எழுதியிருந்தால் அந்த விண்ணப்பத்தை எழுதியவருக்கு விஷயம் தெரியவில்லை.

நுண்ணுயிர்க் கரைசல், நொதிப் பொடி. ஊற்றும் வரை நாற்றம் குறையும், நிறுத்தினால் திரும்ப வரும். ஓடும் தண்ணீரில் ஊற்றினால் அதுவும் அடித்துக்கொண்டு போய்விடும். நான் இதற்குக் கை தூக்குவதில்லை.

நடைபாதை, கல் பதிப்பு, இருக்கை, வண்ண விளக்கு. மக்கள் கரைக்கு வரட்டும், நல்லதுதான். ஆனால் இதை ஆற்றுச் சீரமைப்பு என்ற தலைப்பில் சேர்க்காதீர்கள். கரையைச் சுவராக்கி ஓடையைக் குறுக்கினால் வெள்ளத்தில் அடுத்த தெருதான் அனுபவிக்கும்.

கழிவுநீர் லாரியும் கோழிக் கழிவும் கொட்டும் இடங்களை அடைப்பது. இரவில் வண்டி இறங்கும் சரிவுக்கு ஒரு கேட், ஒரு விளக்கு, ஒரு கேமரா, பக்கத்துக் கடைக்காரருக்குக் காவல் நிலைய எண். சில லட்சத்துக்குள் முடிகிற இந்த வேலையை யாரும் விண்ணப்பிப்பதே இல்லை, ஏனென்றால் இதில் ஒப்பந்தக்காரருக்கு ஒன்றும் இல்லை. கரையோர மக்களிடம் நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள்.

6. பணம் வாங்கப் போகும் அமைப்பின் காகிதங்கள்

கட்டாயம் கேட்க வேண்டியவை: அறக்கட்டளைப் பத்திரம் அல்லது சங்கப் பதிவுச் சான்று, பான், வருமான வரித் துறையின் 12ஏ (அமைப்புக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) பதிவுச் சான்றுகள், நிதி ஆயோக் தர்பண் (தொண்டு அமைப்புகளுக்கான அரசு இணையப் பதிவு) எண், கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கு. 12ஏ, 80ஜி சான்றுகள் இப்போது காலக்கெடு உள்ளவை. தேதியைப் பாருங்கள், பழைய சான்றின் நகலைப் பலர் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

சிஎஸ்ஆர் பணம் என்றால் அந்த அமைப்பு மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இது இல்லாமல் கொடுக்க முடியாது. நிறுவனமே தொடங்கிய அமைப்பாக இல்லாவிட்டால் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். கட்டிடம், இயந்திரம் போன்ற சொத்து உருவானால் அது நிறுவனத்தின் பெயரில் இருக்க முடியாது. தகுதியுள்ள அறக்கட்டளையோ சங்கமோ, பயனாளிகளின் குழுவோ, அரசு அமைப்போதான் வைத்திருக்க வேண்டும். யார் பெயரில் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணம் சேருகிறது என்றால் மிகவும் கவனம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. தனிநபர் நன்கொடையில் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடைக்காது. வங்கி வழியாகவே வாங்குங்கள்.

7. மதிப்பீட்டை வரி வரியாகப் படியுங்கள்

பொதுப்பணித் துறை விலை விகிதப் பட்டியலோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிடச் சொல்லி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா ஊரிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், மதித்துக் கூப்பிட்டால் வருவார்கள்.

மண் வேலையில்தான் பணம் கரையும். மதிப்பீடு கன மீட்டரில் இருக்கும், பில் லோடு கணக்கிலோ யூனிட் கணக்கிலோ வரும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, சுமார் 2.83 கன மீட்டர். அதோடு, வெட்டிய மண் உப்பிக்கொள்ளும். தரையில் 100 கன மீட்டர் இருந்தது டிப்பரில் ஏறும்போது 120, 130 ஆகத் தெரியும். லோடு எண்ணிப் பணம் கொடுத்தால் வெட்டாத மண்ணுக்கும் கொடுப்பீர்கள். வேலைக்கு முன் லெவல் (தரை மட்ட அளவு), வேலைக்குப் பின் லெவல், இரண்டும் ஒரே குறியீட்டுக் கல்லை (உயரம் குறித்த, நகராத கல்) வைத்து எடுக்க வேண்டும். இரண்டு முறையும் உங்கள் குழுவில் ஒருவர் பக்கத்தில் நின்று அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் லெவல் எடுக்காமல் பொக்லைன் இறங்கிவிட்டால் அப்புறம் யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது.

ஒப்பந்த வேலைக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி வரும். பல விண்ணப்பங்களில் அது சேர்ந்திருக்காது, கடைசியில் கூடுதலாகக் கேட்பார்கள். சிஎஸ்ஆர் பணத்தில் நிறுவனத்தின் நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தண்ணீர்ப் பரிசோதனைக்கும் பராமரிப்புக்கும் தனி வரி இல்லாத மதிப்பீட்டை ஏற்காதீர்கள். மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனியே வைப்பது எங்கள் வழக்கம். இதனால் திட்டங்களின் எண்ணிக்கை குறையும். குறையட்டும்.

8. மதிப்பெண் போடுவது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். குறையும் கழிவுச் சுமைக்கு 40, பராமரிப்பு உறுதிக்கு 25, செலவுக்கு ஏற்ற பலனுக்கு 20, கரையோர மக்களின் பங்களிப்புக்கு 15 என்று வைத்துக்கொள்ளலாம். எடைகளை விண்ணப்பம் திறக்கும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். உறுப்பினர்கள் தனித்தனியாக மதிப்பெண் போட்ட பிறகுதான் கூடிப் பேச வேண்டும். முதலில் பேசினால் மூத்தவர் சொன்னதுதான் எல்லாருடைய மதிப்பெண்ணும் ஆகிவிடும். விண்ணப்பித்த அமைப்பிலோ ஒப்பந்தக்காரரிடமோ உறவு உள்ளவர் அந்தத் திட்டத்தின்போது வெளியே இருக்கட்டும்.

நிராகரித்த விண்ணப்பத்துக்குக் காரணம் எழுதி அனுப்புங்கள். அடுத்த ஆண்டு திருத்திக்கொண்டு வருவார்கள். எங்களுக்கு வந்த நல்ல திட்டங்களில் சில அப்படித் திரும்ப வந்தவைதான்.

9. நாட்காட்டியும் தவணையும்

நொய்யலில் மண்ணில் இறங்கி வேலை செய்யக் கிடைப்பது பிப்ரவரி முதல் மே வரை. ஜூனில் மலையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும், அக்டோபரில் வடகிழக்கு. ஆனால் நிறுவனங்கள் மார்ச் 31க்குள் பணத்தைச் செலவழிக்க அவசரப்படும். ஜனவரியில் பணம் வந்து, அனுமதியில்லாமல் மார்ச்சுக்குள் எதையாவது முடித்துக் காட்டும் வேலைகள்தான் முதல் மழையில் அடித்துக்கொண்டு போகின்றன.

இதற்கு வழி இருக்கிறது. நிறுவனத்தின் இயக்குநர் குழுவிடம் இதைத் தொடரும் திட்டம் என்று முதலிலேயே தீர்மானம் போடச் சொல்லுங்கள். அப்படியானால் தொடங்கிய நிதியாண்டோடு மேலும் மூன்று ஆண்டு கிடைக்கும். செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள், தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். தீர்மானம் போடாமல் விட்டால் மீதிப் பணம் ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட நிதிகளுக்குப் போய்விடும், ஆற்றுக்குத் திரும்பாது.

எங்கள் நாட்காட்டி இப்படி ஓடுகிறது. மார்ச், ஏப்ரலில் கரையோர நடையும் மாதிரியும். மே, ஜூனில் நிலக் காகிதமும் தகவல் உரிமை மனுவும். ஜூலையில் விண்ணப்ப அழைப்பு, ஆகஸ்டில் கள ஆய்வு, செப்டம்பரில் முடிவு. அக்டோபர் முதல் ஜனவரி வரை அனுமதிக்கு அலைவது. ஜனவரிக் கடைசியில் முதல் லெவல். பிப்ரவரியில் வேலை.

பணத்தை நான்கு தவணையாகக் கொடுங்கள். அனுமதிக் கடிதமும் முதல் லெவலும் வந்த பிறகு 30 விழுக்காடு. பாதி வேலை அளந்த பிறகு 30. முடிந்து இரண்டாம் லெவல் எடுத்த பிறகு 25. மிச்சம் 15ஐ ஒரு மழைக்காலம் தாண்டி, அடுத்த மார்ச்சில் அதே வாயில் அதே ஆய்வகத்தில் மாதிரி கொடுத்து முடிவு வந்த பிறகு விடுவியுங்கள். இந்தக் கடைசித் தவணையைப் பற்றி ஒப்பந்தத்தில் எழுதும்போது முகம் சுளிப்பார்கள். வேலையில் நம்பிக்கை உள்ளவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாதவருக்குப் பதிலாகப் பட்டியலில் அடுத்து இருப்பவரைக் கூப்பிடுங்கள்.